லிஃப்ட் அண்ணாச்சியின் நாற்பத்து மூன்று அட்டைகள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மேற்குப் பக்க லிஃப்ட்டுக்கு என்ன வயசு என்று அதன் மோட்டாருக்கே ஞாபகம் கிடையாது. கீழே காய்ச்சலோடு ஏறியவருக்கு மூன்றாம் மாடி வருவதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சாட்சி சொல்ல ஆள் உண்டு. அந்த மூன்றாம் மாடியில்தான் மருத்துவக் கல்லூரியின் வகுப்பறைகள் இருந்தன.

பேச்சிமுத்து அதன் ஆபரேட்டர். வயசு முப்பத்தெட்டு, படிப்பு பிளஸ் டூ. பதினாலு வருஷமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அமுக்கியவர். டாக்டராகப் போகிறவர்களை மேலே இறக்கிவிடுவார், கீழே வருவார். அவர் அந்த மாடியில் இறங்கியதே இல்லை. லிஃப்ட்டைத் தாண்டிக் கால் வைத்தால் சூப்பர்வைசருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

ஒரு நாள் ஏறிய மாணவர்கள், நுழைவுத் தேர்வு எழுத இப்போது வயசு வரம்பு இல்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். முதல் மாடியில் அது அவர் காதில் விழுந்தது. மூன்றாம் மாடிக்குள் முடிவெடுத்துவிட்டார். லிஃப்ட் போகும் வேகத்துக்கு, ஒரு ஆள் தன் தலையெழுத்தை நிதானமாக அழித்து எழுதலாம்.

முதல் தடவை எழுதினார். நூற்றெண்பது கேள்வியில் நூற்று முப்பத்தேழு சரி, நாற்பத்து மூன்று தப்பு. இடம் கிடைத்தவர்களின் பட்டியல் அவருக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது.

அவர் வீட்டில் மேசை ஒன்றுதான். மேசைக்கு மேலே விளக்கும் ஒன்றுதான். மகள் மதிவதனி பதினொன்றாம் வகுப்பு. அடுத்த வருஷம் அவளும் இதே தேர்வுக்கு உட்கார வேண்டும். மனைவி புஷ்பம் பீடி சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்லிவிட்டாள்: இந்த ஒரு தடவை மேசை உங்களுக்கு, இந்தப் பரீட்சையோடு அது பிள்ளைக்கு. கோபத்தில் சொல்லியிருந்தால் பேச்சிமுத்து சமாதானம் பண்ணியிருப்பார். அவள் நியாயத்தைச் சொன்னாள். நியாயத்தைச் சமாதானம் பண்ண யாரால் முடியும்?

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். போன வருஷக் கேள்வித்தாளை எடுத்து, தப்பாய்ப் போன நாற்பத்து மூன்றையும் சிவப்பு மையில் சுழித்தார். ஒரு கேள்விக்கு ஒரு அட்டை என்று எழுதி, கீழே விடையின் எண்ணையும் போட்டு, லிஃப்ட்டின் மூன்று சுவரிலும் ஒட்டினார். பத்து மாசம் அவற்றையே பார்த்துக்கொண்டு மேலே போனார், கீழே வந்தார்.

ஏறிய டாக்டர்கள் விளக்கம் சொன்னார்கள். ஏறிய நர்ஸுகள் கேள்வி கேட்டார்கள். நாளாக ஆக, ஆஸ்பத்திரியில் அந்த நாற்பத்து மூன்றும் தெரியாத ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. கேன்டீன்காரர் டீயை ஆற்றிக்கொண்டே ஒன்பதாம் கேள்விக்கு விடை சொல்வார். ஸ்கேன் எடுக்க வந்த ஒரு தாத்தாவிடம் நர்ஸ் பெயர் கேட்டபோது, அவர் மயக்கத்தில், "பதினேழு, விடை மூணு" என்றாராம். பொய்யென்றால் அந்த ஸ்கேன் மெஷினைக் கேட்டுக்கொள்ளலாம்.

பதினேழாம் அட்டை பேச்சிமுத்துவுக்கு நேர் எதிரே இருந்தது. சிரைகள் எல்லாம் கெட்ட ரத்தத்தைக் கொண்டுபோகும். ஒன்று மட்டும் நல்ல ரத்தத்தைக் கொண்டுவரும், அது எது என்பது கேள்வி. நுரையீரல் சிரை. விடை மூணு. போன வருஷம் தெரிந்திருந்தும் தவறவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பார்.

ஜெபராணி டீச்சரின் டியூஷன், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. டீச்சருக்கு இருபத்தாறு வயசு. முன்னால் பதினேழு வயசுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்கப் பேச்சிமுத்து. டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மரியாதையில் குறைக்கமாட்டார், மார்க்கில் குறைப்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கமும் கிடையாது. கேட்டவருக்கு ஒரு வேலை கொடுப்பார். இல்லையென்றால் ஒரு கதை சொல்வார்.

தேர்வுக்கு நாற்பத்தோரு நாள் இருந்தபோது பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார்.

"டீச்சர், நாற்பத்து மூணும் முடிஞ்சுது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இனி ரிவிஷன் எப்பம் ஆரம்பிக்க? எப்படிப் படிக்க?"

டீச்சர் போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பண்ணையார் வீட்டுல திருடன் கன்னம் வச்சான், அண்ணாச்சி."

சமையற்கட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டான். பண்ணையாருக்கு ரோஷம். அந்த ஓட்டையைக் கருங்கல்லால் அடைத்தார். மேலே இரும்புத் தகடு அடித்தார். இரண்டு நாயைக் கட்டினார். அப்படியும் ஆறாமல் தன் கட்டிலையே அந்தச் சுவருக்கு எதிரே தூக்கிப் போட்டு, ஒரு வருஷம் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். வருஷம் முடிந்த அன்று அதே திருடன் மறுபடி வந்தான்.

"அவ்வளவு காவலையும் தாண்டி எப்படி டீச்சர் உள்ள போனான்?"

"வாசல் திறந்து கிடந்துச்சு. போகும்போது சமையற்கட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, கொத்தனார் வேலை சுத்தம்னு பாராட்டிட்டுப் போனானாம்."

பேச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் லிஃப்ட்டில் ஏறிய அத்தனை பேருக்கும் அந்தக் கதையைச் சொன்னார். திருடனுக்கு மீசை வைத்து, பண்ணையாருக்கு ஒரு குறட்டையும் கொடுத்து, டீச்சரைவிட நன்றாகவே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பதினேழாம் அட்டையை இன்னொரு தடவை படித்தார்.

தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் அவருக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். எந்த வருஷத்துத் தாள் என்று கேட்டார் பேச்சிமுத்து. எழுதுங்கள் என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

முதல் பத்து கேள்வி ஓடியது. பிறகு கால் இடறியது. ஒவ்வொரு கேள்வியும், கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா" என்று கேட்கிற சொந்தக்காரர் மாதிரி சிரித்தது. முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. தெரியும் என்று தலையாட்டிக்கொண்டே தப்பான பெயரைச் சொன்னார். முன் பெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் தாளை எழுதி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டீச்சர் திருத்தி முடித்தார். நூற்று முப்பத்தேழு கேள்வி. அறுபத்தொன்று தப்பு.

பேச்சிமுத்துவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இது அநியாயத்துக்குக் கஷ்டமான தாள், நிஜப் பரீட்சையில் இப்படியெல்லாம் கேட்கவேமாட்டார்கள், எந்த ஊர் வாத்தியார் தயாரித்தது என்று அடுக்கினார்.

டீச்சர் மேசை டிராயரைத் திறந்து, பேச்சிமுத்து முன்பு நகல் எடுக்கக் கொடுத்திருந்த போன வருஷத்துக் கேள்வித்தாளை வெளியே வைத்தார். சிவப்புச் சுழிகளுக்கு நடுவில் நீல மையில் டிக் டிக்காக இருந்தது. எல்லாம் பேச்சிமுத்துவின் கை.

"இதெல்லாம் போன வருஷம் நீங்க சரியா எழுதினது, அண்ணாச்சி."

நூற்று முப்பத்தேழு நீல டிக். பேச்சிமுத்து எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. பத்து மாசமாக அந்தப் பக்கமே அவர் கண் போனதில்லை. தலைக்கு மேலே ஃபேன் கரகரவென்று ஓடியது. முன் பெஞ்சில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு டியூஷனுக்கு வரவில்லை.

வீட்டில் புஷ்பத்திடம் சொன்னார்: நான் எழுதப்போவதில்லை, மேசையை இன்றைக்கே பிள்ளைக்குக் கொடுத்துவிடு. புஷ்பம் மடியில் இருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். மகளின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். என்ன நினைத்தாளோ, மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"பரீட்சை முடிஞ்ச பிறகு வைக்கேன்."

நான்காம் நாள், மத்தியானம் ஒன்றரை மணி. லிஃப்ட்டின் கதவை இழுத்துக்கொண்டு ஜெபராணி டீச்சர் உள்ளே வந்தார். பேச்சிமுத்து ஸ்டூலை விட்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். டீச்சருக்குப் பின்னாலேயே ஐந்து மாணவர்கள் ஏறினார்கள். மேலே இரண்டு மணிக்கு அவர்களுக்கு வகுப்பு.

"மூணு," என்றார் டீச்சர். "மாடிக்கு ஒரு கேள்வி. தப்பாச் சொன்னா கீழ போகணும்."

பேச்சிமுத்து அட்டைகளைப் பார்த்தார்.

"அது இல்ல. நீல டிக்."

லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது. ரத்தம் உறைய எந்த வைட்டமின் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். மாணவர்கள் முன்னால் கேட்டதில் பேச்சிமுத்து அவசரப்பட்டார். சி என்றார்.

"கீழ."

இறங்கினார்கள். மறுபடி கிளம்பினார்கள். வைட்டமின் கே என்றார். முதல் மாடி தாண்டியது. ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது எது மாறாமல் இருக்கும் என்று அடுத்த கேள்வி. பேச்சிமுத்து விழித்தார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாணவன், உதவி செய்கிற நினைப்பில், வேகம் என்று முணுமுணுத்தான். பேச்சிமுத்துவும் வேகம் என்றார்.

"கீழ. தம்பி, உங்களுக்கும்தான்."

மற்ற நாலு பேரும் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். நான் எழுதும்போது இதற்குச் சரியாகத்தான் போட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணினான். அவன் காது சிவந்திருந்தது.

நாலாவது தடவையும் கீழே வந்தபோது மணி ஒன்று நாற்பது. பேராசிரியர் சரியாக இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார் என்று ஒருத்தி சொன்னாள். படிக்கட்டு இருக்கிறது என்றார் டீச்சர். ஒருவரும் இறங்கவில்லை. அவர்களுக்கும் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஏழாவது தடவை இரண்டாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியின் தரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு விடை பிசகியது. பேச்சிமுத்துவின் கட்டைவிரல் கீழ்ப் பட்டனை அமுக்கியது.

"டீச்சர், போதும். என்னால ஆகாது."

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்திருந்தது. இறங்கிப் போக அவருக்கும் வழி இருந்தது.

பேச்சிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

ஒன்பதாவது தடவை மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. மணி இரண்டாக ஒரு நிமிஷம். ஐந்து பேரும் கைதட்டிக்கொண்டே வகுப்புக்கு ஓடினார்கள். பேச்சிமுத்து சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். டீச்சர் இறங்கவில்லை.

"கீழ போங்க அண்ணாச்சி."

"எல்லாம் சரியாத்தான டீச்சர் சொன்னேன்?"

"ஆமா. கீழ ஆள் நிக்கும்லா."

கீழே வந்து பார்த்தால் ஆள் நின்றது.

அன்றைக்கு டியூட்டி முடிந்ததும் பேச்சிமுத்து நாற்பத்து மூன்று அட்டைகளையும் உரித்தார். அட்டை இருந்த இடமெல்லாம் சுவர் புதுசாக இருந்தது, சுற்றிலும் அழுக்கு ஏறியிருந்தது. மறுநாள் காலையில் பாடப் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தார். எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் தாண்டிப் போகிற பாடம் அது. கீழே ஏறும்போது ஒரு பக்கம், மேலே சேரும்போது இன்னொரு பக்கம். பதினாறு நாளில் எத்தனை பக்கம் ஆகும் என்று கேட்கிறவர்கள் அந்த லிஃப்ட்டில் ஏறிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தேர்வு நாளில் அறையெல்லாம் பிள்ளைகள். அவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ஒரு பெண் பிள்ளை பேனா கேட்டது. மணி அடித்தது. பேச்சிமுத்து முதல் கேள்வியில் தொடங்கினார். தெரிந்ததையும் புதுசு மாதிரி படித்தார். வட்டத்தைக் கருப்பாக்குவதற்கு முன் ஒரு தடவை நிறுத்தினார்.

தொண்ணூற்றிரண்டாம் கேள்விக்கு வந்தார். பதினேழாம் அட்டை. சிரைகளில் நல்ல ரத்தம் கொண்டுவருவது எது. ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த எதிரி, நேரில் வந்து நிற்கிறான். ஆஸ்பத்திரியே காதுக்குள் கத்தியது: விடை மூணு.

பேனா மூன்றாம் வட்டத்துக்கு மேலே போய்விட்டது. முனை தாளைத் தொடவில்லை, ஒரு மயிரிழை. மை பட்டுவிட்டால் அழிக்க முடியாது.

கட்டைவிரல் நின்றது. கீழ போங்க அண்ணாச்சி.

அவர் கேள்வியின் முதல் சொல்லுக்குத் திரும்பிப் போனார். ஒவ்வொரு விடையாக ஏறி வந்தார். ஒன்று, நுரையீரல் சிரை. இரண்டு, கழுத்துச் சிரை. மூன்று, நுரையீரல் தமனி.

முதல் வட்டத்தைக் கருப்பாக்கினார். நாற்பத்து மூன்றில் அன்றைக்கு வந்தது அந்த ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே மேசை கைமாறியது. புஷ்பம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பேச்சிமுத்து மறுநாள் காலை வழக்கம்போல லிஃப்ட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஆடி மாசம் முடிவு வந்தது. ஆவணியில் பட்டியல் வந்தது. இந்தத் தடவை பட்டியல் அவருக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. கல்லூரியும் அதே கல்லூரி. சூப்பர்வைசர் சேதியைக் கேட்டுவிட்டு, லிஃப்ட்டுக்கு இனி யாரைப் போடுவது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாராம். கேன்டீன்காரர் அன்றைக்கு முழுக்க டீயில் சர்க்கரையை இரண்டு மடங்காகப் போட்டார். அதில் நாலு பேருக்குச் சர்க்கரை ஏறிப் படுக்கை கொடுத்தார்கள் என்பதும் ஒரு பேச்சு.

கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் பேச்சிமுத்து ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறினார். புதுசாகத் தைத்த வெள்ளைக் கோட்டு ஒரு பையில் இருந்தது. டீச்சரிடம் காட்டினார். டீச்சர் தொட்டுப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். டீச்சர் போர்டை அழிக்கத் திரும்பினார்.

பேச்சிமுத்து போகவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பையின் வாயை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். பிறகு கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ரெண்டு வருஷம் படிச்சது எல்லாம் இப்பம் அப்படியே கையில இருக்கு. ஒரு மாசம், ரெண்டு மாசம் சும்மா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாதுலா? அங்க போய்ப் படிக்க எப்பம் ஆரம்பிக்கட்டும்?"

டீச்சர் போர்டின் கடைசி மூலையை அழித்து முடித்தார். டஸ்டரை ஜன்னல் கம்பியில் தட்டினார்.

"பதினாலு வருஷமா மூணாம் மாடிக்கு ஏறியிருக்கிய, அண்ணாச்சி. கையில எத்தனை மாடி மிச்சம் இருக்கு?"

பையின் மேலே கிடந்த பேச்சிமுத்துவின் கட்டைவிரல், பழக்கதோஷத்தில், கீழ்ப் பட்டனை அமுக்குவது மாதிரி ஒரு தடவை அமுங்கியது.